முருங்கைக்காய் வேணுமா பாஸ்?

பங்குனி, சித்திரையில மதுரைக்கு வர்ற ஐடியா இருக்கா? அப்படின்னா ஒரு யோசனை. மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மஹால், ஜிகர்தண்டா... இந்த மூணையும் சாயங்காலத்துக்கு ஒத்திவைங்க. காலைல ஆறு மணிக்கு சோழவந்தான்லேருந்தோ, அலங்காநல்லூர்லேருந்தோ, மேலூர்லேருந்தோ மதுரைக்குள்ள வர்ற ஏதாவது ஒரு பஸ்ல ஏறுங்க. சீட் கிடைக்காது. பரவாயில்ல, நின்னுக்கிட்டே வேடிக்கை பாருங்க.

மஞ்சப் பை, வயர் கூடை, உரச் சாக்கு... எதைப் பாத்தாலும் வாய்ப்பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கும் முருங்கைக்காய்! பஸ் பிரேக் போட்டா முன்னால நிக்கிறவர் காதுல குத்தும். அவரும் ஒண்ணும் சொல்ல மாட்டார். ஏன்னா, அவர் கையில இருக்குற பையும் இன்னொருத்தர் முதுகைக் குத்திக்கிட்டுதான் இருக்கும்.

“யாருக்குத்தா இம்புட்டுக் காயி?”

“மக வீட்டுக்குப்பா, வில்லாபுரத்துல.”

“மக வீட்லயும் ஒரு மரம் நிக்குதுன்னு போன வாரம் சொன்னீக?”

“அது கெடக்கு. அவ சம்பந்தகாரவுகளுக்குக் குடுப்பா. நீ ரெண்டு எடுத்துக்கய்யா!”

எடுத்துக்கய்யான்னு சொல்லும்போதே ரெண்டு காய் உங்க பைக்குள்ள வந்திருக்கும். நீங்க ஹாஸ்டல் பையன், உங்க ரூம்ல அடுப்பு கிடையாது, அம்மிணி யாருன்னே உங்களுக்குத் தெரியாது. இதெல்லாம் அங்க செல்லுபடியாகாத காரணங்கள்.

சிரிப்பா இருக்குல்ல? ஆனா இந்தப் பைகளுக்குப் பின்னால ஒரு கணக்கு இருக்கு. கொஞ்சம் பொறுமையா கேளுங்க. கணக்கோட முடிவுல நீங்களும் வர்றீங்க.

நம்ம பக்கத்துக் கொல்லைகள்ல முன்னெல்லாம் நின்னது கொம்பு ஊன்றி வளர்த்த மர முருங்கை. காய்க்க வருஷக்கணக்காகும். 1989-ல பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலேருந்து பி.கே.எம்.1-ன்னு ஒரு செடிமுருங்கை ரகம் வெளிவந்துச்சு. விதை போட்டா ஆறு மாசத்துல காய். ஒரு காய் ரெண்டு அடியைத் தாண்டும். நல்லா பராமரிச்சா ஒரு மரத்துல வருஷத்துக்கு இருநூறு காய்க்கு மேல. தூத்துக்குடி மாவட்டத்துல எப்போதும்வென்றான்னு ஒரு ஊர். அந்த ஊர் முருங்கையிலேருந்து தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையா வடிகட்டி எடுத்த ரகம் இது. ஊர் பேரே எப்போதும்வென்றான், அந்த ஊர் முருங்கை தோத்துடுமா என்ன? ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருச்சு. பெரியகுளத்துக்குப் பக்கத்துல இருக்குற நம்ம கொல்லைக்கு வராமலா இருக்கும்!

இப்போ கணக்கு. கொல்லையில ரெண்டு மரம். வருஷத்துக்கு நானூறு காய். அதுல பாதிக்குப் பாதி பங்குனியிலேருந்து வைகாசிக்குள்ள வந்துடும்னு வச்சுக்குங்க. தொண்ணூறு நாள்ல இருநூறு காய். அதாவது தினமும் ரெண்டுக்கு மேல. வீட்ல இருக்குறது தாத்தாவும் அப்பத்தாவும் மட்டும். சாம்பார், காரக்குழம்பு, பொரியல், முருங்கைக்காய் போட்ட பருப்பு, மறுபடி சாம்பார். பத்தாவது நாள் தாத்தா தட்டைப் பாத்துட்டுக் கேப்பார் பாருங்க, “இன்னிக்கும் தடியா?”

முருங்கையாவது நல்ல பிள்ளை. மரத்துல ரெண்டு மூணு நாள் சேத்துத் தொங்கும். வெண்டைக்காய் அப்படி இல்ல. திங்கக்கிழமை சுண்டுவிரல் அளவு இருக்கும், ‘நாளைக்குப் பறிக்கலாம்’னு விட்டா புதன்கிழமை கத்தியே இறங்காது. சரி, பறிக்காமலே விட்டா செடி தானா அடங்கிடும்ல? அடங்கும். அதுதான் பிரச்னையே. செடிக்கு வேண்டியது விதை. ஒரு காய் முத்தி விதை பிடிச்சிட்டா, ‘வந்த வேலை முடிஞ்சது’ன்னு பூக்கிறதைக் குறைச்சுக்கும். பிஞ்சாப் பறிச்சுக்கிட்டே இருந்தா, ‘இன்னும் விதை வரலையே’ன்னு மறுபடி மறுபடி பூக்கும். வெள்ளரி, பீர்க்கு, கொத்தவரைக்கும் இதே குணம்தான். ஆக, ஒழுங்கா பறிக்கிற வீட்லதான் காய் மலையாக் குவியும். சோம்பேறி வீட்ல இந்தத் தொல்லையே கிடையாது!

எதிர் வீட்டு அவரைக்காய்

‘கூடுதலா இருந்தா பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதுதானே?’ன்னு நீங்க கேப்பீங்க. கேளுங்க.

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பழமொழி. மதுரையைச் சுத்தி இருக்குற சமவெளி முழுக்க ஒரே சமயத்துலதான் விதை மண்ணுக்குள்ள போகுது. அதே வடகிழக்குப் பருவமழை எல்லாக் கொல்லையிலயும் பெய்யுது. புரட்டாசியில எல்லா வீட்லயும் வெண்டை. பந்தல் அவரை இருக்கே, அது இன்னும் மோசம். பகல் சுருங்கி, பனி இறங்கினாதான் அது பூவே வைக்கும். அதனால ஊர்ல இருக்குற அத்தனை பந்தலும் சொல்லிவச்ச மாதிரி மார்கழியில பூத்து, தையில காய்க்கும். நீங்க ஒரு சொளகு நிறைய அவரைக்காய் எடுத்துக்கிட்டு எதிர் வீட்டுக்குப் போவீங்க. எதிர் வீட்டு மதினி ஒரு சொளகு அவரைக்காயோட உங்க வீட்டுக்கு வந்துக்கிட்டிருப்பாங்க. நடுத்தெருவுல ரெண்டு பேரும் சந்திச்சு, மாத்திக்கிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவுல ஜுக்கினின்னு ஒரு காய். சுரைக்காய்க்கு ஒண்ணுவிட்ட தம்பி. கோடையில அங்க ரெண்டு செடி வச்சவங்க பாடு, இங்க ரெண்டு முருங்கை வச்சவங்க பாடுதான். அதுக்குன்னே ஆகஸ்ட் 8-ம் தேதியை ஒரு விளையாட்டு நாளா அறிவிச்சிருக்காங்க. அன்னிக்கு ராத்திரி பக்கத்து வீட்டு வாசல்ல யாருக்கும் தெரியாம ஜுக்கினியை வச்சுட்டு ஓடி வந்துடணுமாம்! அதே அமெரிக்காவுல, 2009-லேருந்து வீட்டுத் தோட்டக்காரங்களையும் ஏழைகளுக்கு உணவு தர்ற மையங்களையும் இணைச்சு விடுற ஆம்பிள் ஹார்வெஸ்ட்ங்கிற அமைப்பும் இருக்கு. அது உருப்படியான வேலை. நம்ம ஊர்ல ராத்திரி வச்சுட்டு ஓடுற வழக்கம் இல்ல. பட்டப்பகல்ல, பேர் சொல்லிக் கூப்பிட்டு, ‘வேணாம்’னு சொல்லச் சொல்லத் திணிக்கிறதுதான் வழக்கம். அதுல ஒரு சட்டமும் உண்டு. காய் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ரெண்டு எலுமிச்சம்பழம், ஒரு கை வெல்லம், ஒண்ணுமே இல்லைன்னா ஒரு கொத்து கறிவேப்பிலையாவது போட்டுத்தான் தரணும். அந்தக் கறிவேப்பிலைக்குப் பதில் அடுத்த வாரம் ஒரு படி மொச்சை வரும். முடியவே முடியாத கடன்!

காய் கூடலை, ஆள் குறைஞ்சுபோச்சு

சோழவந்தான் பக்கம் வைகைக் கரையோரமா ஒரு சின்ன நடை போங்க. தென்னை, வெற்றிலைக் கொடிக்கால், நெல் வயல். வாய்க்கால்ல தண்ணி வர்ற மாசமா இருந்தா கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்கும். தெருவுக்குள்ள திரும்பினா வீடுகளுக்குப் பின்னால கொல்லைகள். குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி ஓடுற கால்வாய் எங்க போய் முடியுதோ அங்க ஒரு வாழை. அதுக்குப் பக்கத்துல முருங்கை. கிணத்தடியில அவரைப் பந்தல். வேலியில பாகல், கோவை. புடலங்காய் சுருண்டுக்காம நேரா இறங்கணும்னு நுனியில கட்டின கல்லு காத்துல ஆடிக்கிட்டிருக்கும்.

பந்தலோட அளவைக் கவனிங்க. பத்துக்குப் பத்து, சில வீடுகள்ல அதுக்கும் மேல. இது யாருக்காகப் போட்ட பந்தல்? தாத்தா, அப்பத்தா, ரெண்டு பெரியப்பா, அப்பா, கல்யாணமாகாத அத்தை, அஞ்சாறு வாண்டுங்க. ஒரு வேளைக்குப் பத்துப் பன்னெண்டு தட்டு விழுந்த வீடு அது. அந்தக் காலத்துல இதே பந்தல்ல காய்ச்ச காய் பத்தாம, சந்தைக்குப் போய் வாங்கிட்டு வந்திருக்காங்க.

இப்போ பெரியப்பா திருப்பூர்ல. அத்தை சென்னையில. அண்ணன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் முன்னால. நீங்க? ஹாஸ்டல்ல. மெஸ்ல தண்ணியா ஓடுற சாம்பாரைத் திட்டிக்கிட்டு, அதுல மிதக்குற ஒத்தை முருங்கைத் துண்டுக்கு நாலு பேர் சண்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க.

கொல்லைக்கு இது எதுவும் தெரியாது. மழை பெஞ்சா அது பன்னெண்டு பேருக்குக் காய்க்குது. ‘ரெண்டு பேருக்கு எதுக்கு இம்புட்டு? ஒரு செடி போதுமே’ன்னு அப்பத்தாகிட்ட சொல்லிப் பாருங்களேன். ஆடி பிறந்ததும் பானையிலேருந்து விதையை எடுத்து, எப்பவும் போடுற அதே ஆறு குழியிலயும் போட்டுட்டுத்தான் வருவாங்க. யாராச்சும் வந்தா வேணுமேம்பாங்க. அந்த ‘யாராச்சும்’ யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. உங்க செல்போன்ல ஞாயித்துக்கிழமை வர்ற அழைப்பை ஞாபகப்படுத்திப் பாருங்க. “காயி நெறையக் கெடக்குய்யா... பறிக்கக்கூட ஆள் இல்ல.” நீங்க காய் விவகாரம்னு நினைச்சு, “வித்துடுங்கப்பத்தா”ன்னு சொல்லியிருப்பீங்க. அவங்க காயைப் பத்தியா பேசினாங்க?

சரி, விக்கிறதைப் பத்தியும் பாத்துடுவோம். அதுக்கு நீங்க அண்ணா நகர் போகணும்.

1999-ம் வருஷம் நவம்பர் 14. தமிழ்நாட்டோட முதல் உழவர் சந்தை திறந்தது மதுரையிலதான். கருணாநிதி முதல்வரா இருந்தப்போ வந்த திட்டம். விடியறதுக்கு முன்னாடி போனீங்கன்னா பனி ஈரத்தோட கீரைக்கட்டு இறங்குறதைப் பாக்கலாம். நடுவுல தரகர் கிடையாது, கமிஷன் கிடையாது. விளைவிச்சவரே தராசைப் பிடிப்பார். அன்னன்னிக்கு விலையைப் பலகையில எழுதிப் போட்டிருப்பாங்க. பேரம் பேசி ஜெயிக்கணும்ங்கிற ஆசை இருக்குறவங்களுக்கு இந்த இடம் கொஞ்சம் போர்!

ஆனா இங்க கடை போட விவசாயிங்கிறதுக்கு அடையாள அட்டை வேணும். ரெண்டு முருங்கை, ஒரு பந்தல் வச்சிருக்குற அப்பத்தாவுக்கு அது இல்ல. இருந்தாலும் நாற்பது காய்க்காக பஸ் ஏறி வந்து உக்கார முடியுமா? அதுவும் எப்போ? ஊர் பூரா முருங்கைக்காய் காய்ச்சுத் தொங்குறப்போ. கார்த்திகை, மார்கழியில கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் பறக்குற இதே காய், பங்குனியில சீந்துவாரில்லாம கிடக்கும். கொல்லைக்காரங்களுக்காவது இது மனக்கஷ்டத்தோட போச்சு. கடன் வாங்கிப் பயிர் வச்சவங்க நிலைமையை யோசிங்க. 2023 ஜூலையில தக்காளி கிலோ நூறைத் தாண்டினப்போ நாடே அலறுச்சு. ரேஷன் கடையில வச்சு விக்கிற அளவுக்குப் போச்சு. செப்டம்பர்ல அதே தக்காளி அடிமட்டத்துக்கு இறங்கினப்போ எத்தனை பேருக்குத் தெரிஞ்சது? பறிகூலியும் வண்டி வாடகையும் விக்கிற விலையைவிடக் கூடிட்டா, செடியிலயே விட்டுடுறதுதான் அவங்களுக்குக் குறைஞ்ச நஷ்டம். ரோட்டோரத்துல கொட்டிக் கிடக்குற தக்காளியை பஸ் ஜன்னல் வழியா பாக்கும்போது ‘ஏன் இப்படி வீணடிக்கிறாங்க?’ன்னு கோவப்படுறதுக்கு முன்னால இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

மொட்டை மாடிக்கு வாங்க

விக்க முடியாது, கொடுத்துத் தீராது, தின்னு மாளாது. அப்புறம்? மதுரைக்காரங்ககிட்ட ஒரு பழைய கூட்டாளி இருக்கு. வெயில்!

மதுரை வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது. சித்திரையில 39, 40 டிகிரியெல்லாம் சர்வசாதாரணம். மே 4 வாக்குல கத்திரி ஆரம்பிச்சா, 28 வரைக்கும் தார் ரோடு இளகும். ஆனா செல்லூர், அனுப்பானடி, ஜெய்ஹிந்துபுரம் பக்கம் ஏதாவது ஒரு மாடியில காலைல எட்டு மணிக்கு ஏறி நின்னு பாருங்க. ஒவ்வொரு மாடியிலயும் ஒரு வேட்டி விரிச்சிருக்கும். பழைய வெள்ளை வேட்டி, நாலு மூலையிலயும் செங்கல். அது மேல வட்ட வட்டமா பாகற்காய், நீளவாக்குல கத்திரிக்காய், குறுக்கா நறுக்கின வெண்டைக்காய், முழுசா கொத்தவரங்காய், நசுக்கின சுண்டைக்காய், கீறின மிளகாய். பச்சையெல்லாம் பழுப்பாகிக்கிட்டிருக்கும்.

சமாச்சாரம் ரொம்ப எளிமையானது. காய்ல பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணி. கெட்டுப்போக வைக்கிற கிருமிக்கும் பூஞ்சைக்கும் அந்தத் தண்ணிதான் வேணும். தண்ணியை எடுத்துட்டு உப்பைப் போட்டா அதுங்க பிழைக்க முடியாது. பத்துக் கிலோ வெண்டைக்காய் ஒரு கிலோ சொச்சமா சுருங்கி, ஒரு டப்பாவுக்குள்ள அடங்கி, அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கும். ஃபிரிட்ஜும் வேணாம், கரன்ட்டும் வேணாம்.

ஆனா எல்லாக் காய்க்கும் ஒரே வைத்தியம் இல்ல. கொத்தவரங்காயையும் அவரைக்காயையும் உப்புத் தண்ணியில லேசா ஒரு கொதி விட்டுத்தான் காயப்போடணும். இல்லைன்னா வைக்கோல் மாதிரி ஆகிடும். சுண்டைக்காயை நசுக்கி மோர்ல போடணும், கசப்பு கொஞ்சம் இறங்கும். இதுல ராஜா மோர் மிளகாய்தான். நல்லா புளிச்ச மோர்ல உப்புப் போட்டு, கீறின மிளகாயை ராத்திரி பூரா ஊறவைப்பாங்க. காலைல மிளகாயை மட்டும் எடுத்து மாடியில காயவைக்கணும். மோரைக் கொட்டக் கூடாது! சாயங்காலம் அதே மிளகாய் மறுபடி அதே மோருக்குள்ள. பகல்ல வெயில், ராத்திரி மோர்னு இப்படி நாலஞ்சு நாள். மோர் முழுக்க மிளகாய்க்குள்ள போனதும் கடைசியா ஒரு காய்ச்சல். கையில எடுத்தா சலசலன்னு சத்தம் வரணும். எண்ணெய்ல போட்டா கறுக்கணும், கருகக் கூடாது. பழைய சோறு, கெட்டித் தயிர், அந்தக் கறுத்த மிளகாய்... வேணாம், சாப்பாட்டு நேரத்துல நீங்க இதைப் படிச்சுட்டு மெஸ்ஸுக்குப் போக முடியாது.

வத்தலுக்கு ஒரு காவலாளியும் தேவை. காக்கா, அணில், திடீர்னு வர்ற கோடை மழை, எல்லாத்தையும் சமாளிக்கணும். வேட்டியோரத்துல பழைய குடையை விரிச்சு வச்சு, அதுக்கடியில ஒரு பொடியனை உக்காரவைப்பாங்க. சம்பளம் கிடையாது. ஆனா பாதி காஞ்ச வத்தலை யார் எடுத்துத் தின்னாங்கன்னு கடைசி வரைக்கும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. உப்பும் புளிப்புமா, வெளியில முறுமுறுன்னு, உள்ள கொஞ்சம் மெத்துன்னு... அது கடையில கிடைக்காத ருசி. கீழமாசி வீதியில மளிகைக் கடை கடையா ஏறி இறங்குங்க. சுண்டை வத்தல், மிதுக்கு வத்தல், மணத்தக்காளி வத்தல் எல்லாம் சாக்குல நிக்கும். பாதி காஞ்சது மட்டும் கிடைக்காது.

இந்த வைத்தியம் பலிக்காத ஒரே ஆள் நம்ம முருங்கைக்காய். வத்தல் போட்டா மிஞ்சுறது சக்கைதான். அதான் பஸ் ஏறுது! கீரையை வேணா நிழல்ல உலர்த்தி, பருப்பும் மிளகாயும் சேர்த்துப் பொடி பண்ணலாம். ஹாஸ்டல் இட்லியைக்கூட அந்தப் பொடி உள்ள இறக்கிடும். காயை அடக்க ஒரே வழி கவாத்துதான். முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும்னு பெரியவங்க சொன்னது சும்மா இல்ல. செடிமுருங்கையைக் காய்ப்பு முடிஞ்சதும் மூணடி உயரத்துல வெட்டிவிட்டா, பக்கக் கிளை வெடிச்சு, நாலஞ்சு மாசத்துல மறுபடி காய்க்கும். ரெண்டு மரத்தையும் ஒரே நாள்ல வெட்டாம கொஞ்சம் இடைவெளி விட்டு வெட்டினா, ரெண்டும் ஒரே சமயத்துல கொட்டித் தீர்க்காது. இதுக்கு ஒரு அரிவாளும், கொஞ்சம் உயரமான ஒரு ஆளும் வேணும். அப்பத்தாவால முடியாது. உங்களுக்கு எப்போ செமஸ்டர் லீவு?

அதுவரைக்கும் ஒரு காரியம் பண்ணுங்க. இந்த வாரமும் மாட்டுத்தாவணிக்கு ஒரு சாக்கு வரும். கண்டக்டர் அண்ணன் போன் பண்ணுவார், “தம்பி, உங்க ஊர் பார்சல், வெரசா வாங்க, வண்டி எடுக்கணும்”னு. போய் இறக்கிக்குங்க. காயை மெஸ் மாஸ்டர்கிட்ட கொடுத்துப் பாருங்க. அவர் முறைச்சாலும் வாங்கிக்குவார், அன்னிக்கு சாம்பார்ல எல்லாருக்கும் ரெண்டு துண்டு கிடைக்கும். அடியில ஒரு தூக்குவாளி இருக்கும். அதுல மோர் மிளகாய். அதை ரூம்ல வெளியே வைக்காதீங்க, ஒரு ராத்திரி தாங்காது.

சாக்கையும் வாளியையும் மறக்காம அதே பஸ்ல திருப்பி அனுப்பிடுங்க, அடுத்த வாரத்துக்கு வேணும். வாளியை வெறுசா அனுப்பாதீங்க. ஒரு அரைக்கிலோ அல்வா போதும்.